டோஸ்ட் ஏன் சரியாக வரவில்லை? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போவோம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு. கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று நேராக அடுப்படிக்குள் வரும். இந்த அடுப்படியில் நான்கு வருடமாக டோஸ்ட் சாண்ட்விச்சுக்கென்று ஒவ்வொரு கருவியாக வாங்கியும் இரவல் கேட்டும் செய்து பார்த்திருக்கிறேன். கேஸ் அடுப்பில் காட்டும் கை டோஸ்டர், முக்கோணமாக வெட்டித் தரும் மின்சார சாண்ட்விச் மேக்கர், வரிவரியாகச் சுடும் கிரில், பாப்-அப் டோஸ்டர், ஏர் ஃபிரையர். இவை போக, எல்லார் வீட்டிலும் இருக்கும் தோசைக்கல். நாலரை மணிக்குப் பள்ளியிலிருந்து பசியோடு வரும் மகளுக்காக ஆரம்பித்தது. இப்போது தெருவில் யார் வீட்டு மெஷின் மக்கர் செய்தாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

போய்ப் பார்த்ததில் பாதிக்கு மேல் மெஷின் கோளாறே கிடையாது. தண்ணீர்தான் கோளாறு. ரொட்டியில் இருக்கும் ஈரம், மசாலாவில் இருக்கும் ஈரம், காற்றில் இருக்கும் ஈரம், சுட்டு வைக்கும் தட்டில் கோக்கும் ஈரம். ரொட்டி பொன்னிறமாகச் சிவக்க ஏறக்குறைய 140 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சிவப்புக்கும் மணத்துக்கும் காரணமான வேதிவினையை 1912-இல் விளக்கியவர் மயார் என்ற பிரெஞ்சுக்காரர். ஆனால் ரொட்டியின் மேல் ஈரம் இருக்கும் வரை அந்த இடத்துச் சூடு 100 டிகிரியிலேயே நிற்கும். தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போன பிறகுதான் மேலே ஏறும். ஆவி போக வழியில்லை என்றால் ரொட்டி சுடுபடாது, வேகும். கீழே வரும் அறிகுறிகளில் பலவும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

முதலில் வெறும் ரொட்டிச் சோதனை

எந்தக் கோளாறாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டு மேலே போங்கள். மெஷினை நன்றாகச் சூடாக்குங்கள். இரண்டு பிரெட் துண்டை, நடுவில் எதுவும் இல்லாமல், வெண்ணெய்கூடத் தடவாமல் வைத்து மூடி மூன்று நிமிடம் விடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே சீராகச் சிவந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது, குறை உள்ளே வைக்கும் பொருளில். வெறும் ரொட்டியே வெளுத்துக் கிடந்தாலோ திட்டுத்திட்டாக வந்தாலோ குறை மெஷினில், அல்லது அது செருகியிருக்கும் பிளக்கில்.

எதிர் வீட்டு அக்கா ஒரு நாள் சாயங்காலம், "மெஷினு செத்துப் போச்சும்மா, ஒரு வாட்டி வந்து பாரேன்" என்று கூப்பிட்டார். போய் வெறும் ரொட்டியை வைத்தேன். அழகாகச் சிவந்தது. "அப்பறம் ஏம்மா எனக்கு மட்டும் களி மாதிரி வருது?" என்றார். "உள்ள என்னக்கா வெச்சீங்க?" என்றேன். விதையோடு நறுக்கிய தக்காளி, உப்புப் போட்டுப் பிசறிய வெள்ளரி, தண்ணீராக அரைத்த புதினாச் சட்னி. மூன்றுமே தண்ணீர். அக்கா புது மெஷின் வாங்க எடுத்து வைத்திருந்த பணம் மிச்சமாயிற்று.

எடுத்தபோது மொறுமொறு, ஐந்து நிமிடத்தில் நமுத்துப் போகிறது

கடலோர ஊரில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். எளிதானதை முதலில் சொல்கிறேன்.

சுட்டதை எங்கே வைக்கிறீர்கள்? எவர்சில்வர் தட்டில் வைத்தால் அடியிலிருந்து வரும் ஆவி குளிர்ந்த தட்டில் பட்டு நீராகி மறுபடி ரொட்டிக்குள்ளேயே இறங்கும். எடுத்துப் பாருங்கள், தட்டில் வியர்வை மாதிரி கோத்திருக்கும். இதற்கு நான் பயன்படுத்துவது இடியாப்பத் தட்டு. மூங்கிலில் பின்னியது இன்னும் நல்லது. சாண்ட்விச்சை அதன் மேல் சாய்த்து வைத்து இரண்டு நிமிடம் விட்டால் அடியாவி வெளியே போய்விடும். கேக் ஆற வைக்கும் கம்பி வலை இருந்தால் அதுவும் சரி. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். நடுவில் இருப்பது உறுதியாக நமுக்கும். பள்ளிக்குக் கட்டித் தருவதாக இருந்தால் முழுக்க ஆறிய பிறகுதான் டப்பாவை மூட வேண்டும். சூட்டோடு மூடிய டப்பாவில் எந்த மெஷினில் செய்ததும் தேறாது.

இரண்டாவது, உள்ளே போகும் ஈரம். தக்காளியின் விதையையும் குழைவையும் வழித்தெடுத்துவிட்டுச் சதையை மட்டும் வையுங்கள். வெள்ளரியை நறுக்கி உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிடுங்கள். உப்பு போட்ட கையோடு உள்ளே வைத்து மூடினால் அந்தத் தண்ணீர் முழுக்க ரொட்டிக்குள்தான் விடும். சட்னியைக் கெட்டியாக அரையுங்கள். தண்ணீர் விடாமல் அரைபடவில்லை என்றால் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை சேருங்கள், ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். எதை வைத்தாலும் அதற்கு முன் ரொட்டியின் உள்பக்கத்தில் ஓரம் வரை மெல்லிதாக வெண்ணெய் தடவுங்கள். கொழுப்புப் படலம் ஈரத்தை உடனே உள்ளே விடாது. பலர் வெளிப்பக்கம் மட்டும் தடவுகிறார்கள். நமுக்காமல் காப்பது உள்பக்கத்து வெண்ணெய்தான்.

இங்கே ஒரு வார்த்தை எங்கள் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி. என் அம்மா வீடு கடலூர் முதுநகர். அங்கே சுறா புட்டு செய்யும்போது மீனை அவித்துத் தோல் நீக்கி உதிர்த்து, கையில் அழுத்திப் பிழிந்து தண்ணீரை எடுத்துவிட்டுத்தான் வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயோடு வதக்குவார்கள். பொலபொலவென்று உதிரும். டோஸ்ட் சாண்ட்விச்சுக்கு இதைவிடப் பொருத்தமான பூரணத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ஈரமில்லை, காரமிருக்கிறது, சூடானால் மணம் எழுகிறது. உருளைக்கிழங்கு மசாலாகூட இதற்கு அடுத்ததுதான். இறால் தொக்கு வைப்பதாக இருந்தால் எண்ணெயை வடித்துவிட்டு வையுங்கள். முந்தின நாள் மீன் குழம்பில் கிடந்த துண்டை உதிர்த்து வைக்காதீர்கள். புளித் தண்ணீர் ஊறியிருக்கும், என்ன பிழிந்தாலும் சதசதவென்றே இருக்கும்.

மூன்றாவது, ரொட்டி. அன்று காலை வாங்கிய மெத்தென்ற பிரெட்டில் ஈரம் அதிகம், அமுக்கினால் அப்பளம் போலச் சப்பையாகிவிடும். ஒரு நாள் ஆனது டோஸ்ட்டுக்கு நல்லது. அதற்காக ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜின் குளிரில்தான் ரொட்டியின் மாவுச்சத்து மிக வேகமாக இறுகும், ரொட்டி கட்டைபோல் ஆகும். சுடும்போது கொஞ்சம் இளகும், ஆறியதும் மறுபடி விறைக்கும். இரண்டு மூன்று நாளைக்கு வைத்திருக்க வேண்டும் என்றால் ஃப்ரீசரில் போடுங்கள். அங்கே இந்த இறுகல் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூஞ்சை கண்ட துண்டை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைச் சுட்டுக் கொடுக்காதீர்கள், முழுப் பாக்கெட்டையும் எறிந்துவிடுங்கள்.

வெளியே கருகுகிறது, உள்ளே சில்லென்று இருக்கிறது

கை டோஸ்டரில் இது தினமும் நடக்கும். இரண்டு அலுமினிய இலையை நடுவில் கீல் போட்டு, நீளப் பிடி வைத்து, பிடியின் நுனியில் வளையம் மாட்டியிருப்பார்களே, அதுதான். அலுமினியம் சூட்டை மிக வேகமாகக் கடத்தும். பெரிய பர்னரில் முழுத் தணலில் காட்டினால் ஒரு நிமிடத்துக்குள் வெளியே கரி, உள்ளே உருளைக்கிழங்கு அப்படியே பச்சைத் தண்ணியாய் இருக்கும்.

சின்ன பர்னருக்கு மாற்றுங்கள். தணலைச் சிம்மில் வையுங்கள். ஒரு பக்கம் முழுதாகச் சுட்டுவிட்டு மறுபக்கம் திருப்புவது கூடாது. நாற்பது, ஐம்பது நொடிக்கு ஒரு முறை திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். மொத்தம் நாலு நிமிடம், சில நாள் ஐந்து. திருப்பும்போது லேசாகத் திறந்து பார்ப்பதில் தப்பில்லை, அடைபட்ட ஆவியும் அப்போது வெளியே போகும். உள்ளே வைக்கும் மசாலா ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வரக்கூடாது. சட்டியில் ஒரு பிரட்டு பிரட்டிச் சூடாக்கி வையுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

மின்சார மெஷினிலும் இதே அறிகுறி என்றால் ரொட்டியின் உறையைப் பாருங்கள். சர்க்கரை, பால் சேர்த்த இனிப்பு வகை பிரெட் சாதாரண பிரெட்டைவிடச் சீக்கிரம் சிவந்து கருகும். அடுத்தது வெளியே தடவும் கொழுப்பு. வெண்ணெயில் தண்ணீரும் பால்சத்தும் இருக்கின்றன. அந்தப் பால்சத்துதான் முதலில் கருகிக் கரும்புள்ளியாக ஒட்டும். நெய் உருக்கும்போதே அது இரண்டும் போய்விடுகிறது. ஆகவே உள்ளே வெண்ணெய், வெளியே நெய். இதை மட்டும் மாற்றிப் பாருங்கள், நிறம் எப்படி வருகிறது என்று கண்ணாலேயே தெரியும்.

ரொட்டி ஒட்டிக்கொண்டு பிய்கிறது

பதறித் தோண்டாதீர்கள். முக்கால்வாசி நேரம் அது இன்னும் வேகாததால் ஒட்டியிருக்கிறது. ரொட்டியின் மேல்தோல் காய்ந்து இறுகினால் தானே விட்டுவிடும், தோசை விடுவது போலத்தான். மறுபடி மூடி ஒரு நிமிடம் கொடுங்கள்.

அப்படியும் விடவில்லை என்றால் மெஷின் சூடாவதற்கு முன்பே வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். குளிர்ந்த தட்டில் வைத்த ரொட்டி மெதுவாக ஈரம் விட்டுப் பசைபோல் பிடித்துக்கொள்ளும். பச்சை விளக்கு எரிந்த பிறகும் இரண்டு நிமிடம் பொறுங்கள். விளக்கை நம்பாவிட்டால் விரல் நுனியில் தண்ணீர் தொட்டு ஒரு துளி தெளியுங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடி மறைந்தால் தயார். தேங்கி நின்று மெல்ல ஆவியானால் தயாரில்லை.

நாளாக நாளாக ஒட்டுவது அதிகமானால் நான்-ஸ்டிக் பூச்சில் குறை. ஸ்டீல் நார், கத்தி முனை, இரும்புக் கரண்டி மூன்றும் அதைக் கீறிவிடும். மரத் துடுப்பு மட்டுமே போதும். டப்பாவில் வரும் எண்ணெய் ஸ்ப்ரே அடித்தால் அதிலுள்ள லெசித்தின் சூட்டில் காய்ந்து பழுப்பு நிறப் பிசினாகப் படியும், பிறகு எதுவும் ஒட்டும். படிந்துவிட்டிருந்தால் தட்டு வெதுவெதுப்பாக இருக்கும்போது சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி, கால் மணி கழித்து ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். தட்டைக் கழற்ற முடியாத மெஷினைக் குழாயடியில் காட்டவே கூடாது. பூச்சு உரிந்து செதில் செதிலாக வந்தால் மெஷினை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது, அங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம்.

தோசைக்கல்லில் செய்கிறவர்களுக்கு: சீஸ் வழிந்து கல்லில் பிடித்தால் மறுநாள் காலை தோசை வராது. வீட்டில் ஒரு காலை முழுக்க அதனால் சண்டையாகும். சாண்ட்விச்சுக்கென்று பழைய கல் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அமுக்குவதற்கு அடி தட்டையான சின்னப் பாத்திரத்தில் பாதித் தண்ணீர் ஊற்றி மேலே வைத்தால் போதும், அந்தக் கனம் சரியாக இருக்கும்.

ஓரம் திறந்து மசாலா வழிகிறது

முக்கோணமாகச் சுடும் மெஷினில் தட்டின் விளிம்பும் நடு வரம்பும் சேர்ந்து ரொட்டியை வெட்டி அமுக்கி ஒட்ட வைக்க வேண்டும். 1974-இல் ஆஸ்திரேலியாவில் பிரெவில் நிறுவனம் கொண்டுவந்த சாண்ட்விச் டோஸ்டரில் பரவலான அமைப்பு அது. விளிம்புக்கு அடியில் ரொட்டி இருந்தால்தான் வேலை நடக்கும். நம் கடைகளில் கிடைக்கும் சின்ன பிரெட் துண்டு பல மெஷின்களில் விளிம்புக்கு எட்டுவதே இல்லை. உள்ளே நாலா பக்கமும் இடைவெளி விட்டு மிதக்கும், வழியத்தானே செய்யும்? பாக்கெட்டில் 'சாண்ட்விச் பிரெட்' என்று போட்டுப் பெரிய அளவில் வருவதை வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் மெஷின் தட்டின் அகலத்தை ஒரு காகிதத்தில் வெட்டிக் கடைக்கு எடுத்துப் போங்கள். நான் அப்படித்தான் நேரு வீதிக் கடையில் அளந்து வாங்கினேன்.

ரொட்டி சரி, ஆனாலும் வழிகிறதா? மசாலாவை நடுவில் குவித்திருப்பீர்கள். நடுவில்தான் வெட்டும் வரம்பு இருக்கிறது. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஒன்றரை மேசைக்கரண்டி என்று இரண்டு குவியலாக வையுங்கள், ஓரத்தில் ஒரு விரல் அகலம் விடுங்கள். இன்னொன்று: கொண்டி மாட்ட மறுத்தால் அழுத்தி மாட்டாதீர்கள். பிளாஸ்டிக் கொண்டி ஒரே அழுத்தில் உடையும், பிறகு அந்த மெஷின் என்றைக்கும் இறுக மூடாது. கொஞ்சம் மசாலாவை எடுத்துவிடுங்கள்.

நீள ரொட்டி மெஷினில் அடங்கவில்லை, அல்லது பின்பக்கம் நசுங்கி முன்பக்கம் வெளுக்கிறது

இது புதுச்சேரிக்காரர்களின் தனிக் கேள்வி. பிரெஞ்சுக்காரர் போன பிறகும் இந்த ஊரில் நீள ரொட்டி போகவில்லை. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறெதுவும் சேராத ரொட்டி. கொழுப்பு இல்லாததால் சீக்கிரம் பழசாகும், கடல் காற்றில் அதன் மொறுமொறுப்பான ஓடு சாயங்காலத்துக்குள் தோல்போல் ஆகிவிடும்.

முக்கோண மெஷினில் இதை முயற்சி செய்யவே வேண்டாம். இதற்குக் கிரில்தான், அதிலும் மேல்தட்டு மிதந்து எழும்பும் கீல் உள்ளது. கீல் அசையாத மெஷினில் கனமான ரொட்டியை வைத்தால் பின்பக்கம் மட்டும் அழுந்தும், முன்பக்கம் தட்டு படாது. கடையில் வாங்கும்போதே மேல்தட்டைத் தூக்கிப் பாருங்கள். பின்பக்கமும் ஓரிரு அங்குலம் எழ வேண்டும். ஏற்கெனவே அசையாத கீல் உள்ளதை வாங்கிவிட்டீர்களா? ரொட்டியை நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருக்கும் மெத்தைப் பகுதியைக் கொஞ்சம் கிள்ளி எடுத்துவிட்டு, கையால் தட்டையாக அமுக்கி வையுங்கள். பாதி நேரத்தில் முன்பின்னாகத் திருப்பிப் போடுங்கள்.

ஓடு தோல்போல் ஆகிவிட்ட ரொட்டிக்கு ஒரு வைத்தியம் உண்டு. இவ்வளவு நேரம் தண்ணீரைக் குறை சொல்லிவிட்டு இதைச் சொல்வது முரணாகத் தோன்றும், ஆனால் வேலை செய்கிறது. ஈரக் கையால் ரொட்டியின் மேல்பக்கத்தை மட்டும் ஒருமுறை தடவி, மூடாமல் நல்ல சூட்டில் திறந்தவெளியாகக் காட்டுங்கள். உள்ளிருக்கும் மாவுச்சத்து அந்த ஆவியில் இளகும், வெளி ஈரம் பறந்து ஓடு மறுபடி மொறுமொறுக்கும். ஆவிக்கு வழி இருக்கிறது, அதனால்தான் நமுக்கவில்லை. பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

விளக்கு எரிகிறது, சூடு போதவில்லை

மாலையில் மட்டும் இப்படி என்றால் மெஷினைச் சந்தேகிக்காதீர்கள், வோல்டேஜைப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் தெரு முழுக்க ஏசி ஓடும் நேரத்தில் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், 750 வாட் மெஷின் ஏறக்குறைய 460 வாட் அளவுக்குத்தான் சூடு தரும். வோல்டேஜ் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும்போது சூடு நாற்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. மூன்று நிமிடத்தில் ஆகும் ரொட்டி அப்போது ஆறு நிமிடம் எடுக்கும். அவ்வளவு நேரத்தில் ஈரம் பொங்கி ரொட்டி வேக ஆரம்பிக்கும். மதியம் அதே மெஷினில் வெறும் ரொட்டிச் சோதனை செய்து பாருங்கள். மதியம் சரியாக வந்தால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அந்த மாதங்களில் மாலை டோஸ்ட்டைக் கேஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த நேரமும் சூடு போதவில்லையா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நடுவில் இருந்தால் அதை எடுத்துவிட்டுச் சுவர்ச் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். மெலிந்த வயர் சூடாகி மின்சாரத்தை வீணாக்கும், ஆபத்தும்கூட. சாண்ட்விச் மேக்கர் மூன்று ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும், சாதாரண சாக்கெட் தாங்கும். 1,400, 1,500 வாட் ஏர் ஃபிரையரைப் பதினாறு ஆம்பியர் சாக்கெட்டில்தான் போட வேண்டும். பிளக்கின் பித்தளைக் கால்களையும் பாருங்கள். கடலோர வீடுகளில் பச்சையாகவோ கருப்பாகவோ களிம்பு ஏறியிருக்கும். பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிட்டு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தால் பிடிப்புச் சரியாகும்.

பச்சை விளக்கு நடுவில் அணைந்து அணைந்து எரிகிறது என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. அது கோளாறில்லை. உள்ளிருக்கும் தெர்மோஸ்டாட் சூட்டை ஒரே அளவில் வைக்க விட்டு விட்டு இயங்குகிறது. விளக்கே எரியாமல் போனால் அதே சாக்கெட்டில் மிக்சியைப் போட்டுப் பாருங்கள். மிக்சி ஓடினால் மெஷினுக்குள் சூட்டு ஃபியூஸ் போயிருக்கலாம், ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோங்கள். ஃபியூஸை எடுத்துவிட்டு நேராக வயரை முறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஒன்றுதான்.

தொட்டால் சுருக்கென்கிறது

உடனே சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். காரணம் தேடுவது அதற்குப் பிறகு. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று தொடும் பழக்கம் நமக்கு உண்டு, அதனால் இதில் சமரசம் வேண்டாம். மூன்று கால் பிளக்கின் பெரிய கால் எர்த். பழைய வீடுகளில் சாக்கெட்டில் அந்த ஓட்டை இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. எலக்ட்ரீஷியனை வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்திருக்கிறீர்களா என்றும் கேளுங்கள். அதுவரை அந்த மெஷினைத் தொட வேண்டாம்.

சீஸ் உருகவில்லை

பனீர் வைத்திருந்தால் அது உருகவே உருகாது, அமிலம் விட்டுத் திரித்தெடுத்தது அப்படித்தான். கடைத் துண்டு சீஸில் சீராக உருக உதவும் உப்புகள் சேர்த்திருப்பதால் சீக்கிரம் குழையும். மொசரல்லாவையும் ஆரோவில்லில் செய்கிற கெட்டி சீஸையும் துருவிப் போடுங்கள். எதுவானாலும் மசாலாவுக்கு நடுவில் புதைக்காமல் ரொட்டியை ஒட்டி வைக்க வேண்டும், மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம். ரொட்டியோடு சேர்ந்து பசைபோல் பிடிக்கும், ஓரமும் திறக்காது.

புகை வருகிறது

புது மெஷினில் முதல் தடவை லேசான வாடையும் புகையும் வருவது வழக்கம். ஜன்னலைத் திறந்து வைத்து ஐந்து நிமிடம் காலியாகச் சூடாக்கி, துடைத்துவிட்டு, முதல் ரொட்டியைச் சாப்பிடாமல் எறிந்துவிடுங்கள். நான்-ஸ்டிக் பூசிய கை டோஸ்டரை மட்டும் கேஸில் காலியாக நெடுநேரம் காட்டாதீர்கள். 260 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும், தணலில் அந்தச் சூடு சீக்கிரமே வந்துவிடும்.

பாப்-அப் டோஸ்டரில் புகை வந்தால் அடித்தட்டில் தூள் சேர்ந்திருக்கும், இழுத்துக் கொட்டுங்கள். வெண்ணெய் தடவிய ரொட்டியையோ பூரணம் வைத்த சாண்ட்விச்சையோ அதற்குள் விடுவது நேரடித் தீ விபத்து. அதில் வெறும் துண்டு மட்டும்தான்.

ஏர் ஃபிரையரில் மேல்துண்டு பறந்துபோய்ச் சூட்டுக் கம்பியில் பட்டுக் கருகினால் பல் குச்சி ஒன்றைக் குத்தி வையுங்கள். 180 டிகிரியில் ஆறு நிமிடம். அதில் அமுக்கம் கிடையாது, ஆகவே இது டோஸ்ட்தான், ஒட்டிப் பிடித்த சாண்ட்விச் ஆகாது.

கரண்ட் இல்லாத நாளில்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது அம்மா வீட்டில் பல நாள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்தபோது இங்கே ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த இரண்டு முறையும் ரொட்டியைச் சூடாகக் கையில் கொடுத்தது கை டோஸ்டர். மின்சார மெஷின் வாங்கியதும் அதைப் பரணில் தூக்கிப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அப்படிச் செய்யாதீர்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினிய டோஸ்டர் சூடாகாது, காந்தம் ஒட்டாத உலோகம். அது மெஷின் கோளாறில்லை, கேஸிலேயே வையுங்கள். பூச்சில்லாத வெறும் அலுமினியத்தில் தக்காளியோ எலுமிச்சையோ பட்டால் சாம்பல் நிறக் கறை வரும், ருசியும் மாறும். ரொட்டிக்கு வெளியே வழியாமல் வையுங்கள். பிடி ஆடினால் மரையை இறுக்குங்கள், சூட்டில் அடிக்கடி தளரும். கழுவியதும் துணியால் துடைத்து, மூடாமல் விரித்தபடி ஆணியில் மாட்டுங்கள். உப்புக் காற்றில் கீல் இறுகிப்போனால் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பத்து முறை திறந்து மூடினால் இளகிவிடும்.